ராமையாவின் பெயருக்குப் பின்னால்

மகன்,

உன் தந்தி நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. "சுகமாக வந்து சேர்ந்தேன்" என்பதை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வெகுநேரம் இருந்துவிட்டேன். பஸ் ஓமந்தையைத் தாண்டியிருக்குமா, வவுனியாவில் ரயில் பிடித்திருப்பாயா, இறங்கிய இடத்தில் உன்னை யாராவது மறித்திருப்பார்களா என்று நீ போனதிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விகள் எல்லாம் அந்த ஒரு துண்டுக் கடதாசியில் நின்றுபோயின. பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது. குசினிக்குள் போய், காலையில் அவித்த பிட்டை ஆறியபடியே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாகப் பிட்டுச் சாப்பிட்டு வெகுநாளாகிறது.

பஸ் படியில் நின்றுகொண்டு நீ ஒன்று சொன்னாய். "அம்மா, அந்தக் கந்தோரில என்ன வேலை தரப்போகினம் தெரியுமோ? ஆக்களின்ர பேரையும் விலாசத்தையும் கொம்பியூட்டரில போட்டு அடிக்கிற வேலையாம். எனக்கு ஏலுமோ தெரியேல்லை. கொஞ்ச நாள் பாப்பன், சரிவராட்டித் திரும்பி வந்திடுவன்." எள்ளுருண்டை டின்னை மடியில் வைத்துக்கொள், கீழே வைத்தால் நெரிந்துபோகும் என்று மட்டும் சொன்னேன். நடத்துநர் மணியை அடித்துவிட்டார். வகுப்பில் ஒரு பிள்ளை நல்ல கேள்வி கேட்கும் நேரத்தில் மணி அடித்தால் அடுத்த நாள் அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குவேன். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. இந்தக் கடிதம் உன் பஸ்படிக் கேள்விக்குப் பதில்.

பெயர் அடிக்கும் வேலை என்றதும் உனக்கு யாருடைய முகம் ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருநாளும் முழுதாகக் கதைத்ததில்லை. இராணுவ முகாமுக்குள் என்ன நடந்தது என்பதை நான் உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது முழுதாகச் சொல்லப் போகிறேன். எழுதியதை அந்த மனிதருக்கு, ராமையாவுக்கு, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். அவரிடம் கேட்டேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், தன் பெயரைச் சரியாகப் போட்டால் போதும் என்றார்.

அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த உன் மாமா உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு கொப்பியின் அளவுதான். அழுத்தினால் அமுங்கும் எழுத்துகள். ரீவியில் மாட்டினால் கறுப்பு வெள்ளையில் எழுதும். கூடவே ஒரு சின்ன அச்சு இயந்திரம். அதற்குச் சாதாரணக் கடதாசி சரிவராது, வெள்ளிப் பூச்சுப் பூசிய சுருள்தான் வேண்டும். அடிக்கும்போது பொரிகிற சத்தமும் ஒரு கருகல் மணமும் வரும். கணக்கு ரீச்சரின் பிள்ளை கணக்குப் பெட்டியோடு விளையாடுகிறான் என்று அயலில் சிரித்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் பத்தொன்பது வயதுப் பிள்ளை வெளியே திரியாமல் ரீவிக்கு முன்னால் இருக்கிறானே என்று நான் உள்ளுக்குள் ஆறுதல் பட்டேன். அந்தக் காலத்தில் உன் வயதுப் பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் எதை எண்ணிப் பயந்தோமோ, அதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்தச் சிறுபோகக் கோடையில் குளத்தில் தண்ணீர் மட்டு. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விட்டார்கள். இன்னார் வயலுக்கு இன்ன நேரம் என்று ஒவ்வொருவருக்கும் வட்டவிதானையார் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். வயல்காரர் தங்களுக்குள் தெரிந்தெடுத்த ஆள் அவர்; வாய்க்காலில் அவர் சொல்வதுதான் சட்டம். ஆனால் அவருடைய கையெழுத்தை அவருடைய மனைவியும் வாசிக்க மாட்டா. அந்த முறை இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. விடியற்காலையில் வாய்க்கால் கட்டில் நிற்பவர்களிடம் வயல்காரர் சங்கத்தின் துண்டு இருக்க வேண்டும், துண்டிலுள்ள பெயர் அடையாள அட்டையிலுள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும் என்று இராணுவம் அறிவித்துவிட்டது. வட்டவிதானையார் சைக்கிளை நம் வேலியில் சாத்திவிட்டு வந்து, "ரீச்சர், உங்கட பெடியன்ர பெட்டி இங்கிலீசில அடிக்குமாமே. என்ர எழுத்தைப் பாத்தால் ஆமிக்காரன் என்னைத்தான் முதல்ல பிடிப்பான்" என்றார். நீ ஓம் என்றாய். உன் முகத்தில் அன்றிருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. ஊருக்கு வேண்டிய ஒரு வேலையை அந்தப் பெட்டி செய்யப் போகிறது.

நீ எப்படிச் செய்தாய் என்பதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன், பிழையென்றால் திருத்து. பெட்டியின் ஞாபகம் மிகச் சின்னது. ஆகவே எல்லாப் பெயர்களையும் இடைவெளியில்லாமல் ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கினாய். ஒரு பெயர் எங்கே முடிகிறது என்று பெட்டிக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு பெயரின் முடிவிலும் ஒரு பூச்சியத்தை வைத்தாய். அச்சடிப்பதற்கென்று ஒரு தனி இடம். அதை நான் வாங்கு என்று நினைத்துக்கொண்டேன், வகுப்பிலே பிள்ளைகள் வரிசையாக உட்காரும் நீள வாங்கு. அடிக்க வேண்டிய பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து அந்த வாங்கில் இருக்கும். பூச்சியம் வந்ததும் பிரதி பண்ணுவது நின்றுவிடும். பிறகு அச்சு இயந்திரம் வாங்கின் முதல் எழுத்திலிருந்து தொடங்கி, பூச்சியம் எங்கே இருக்கிறதோ அதுவரை அடித்துக்கொண்டு போகும்.

சோதனைக்கு முதலில் உன் பெயரை அடித்தாய், அடுத்ததாக என் பெயரை. உன் பெயர் சின்னது, என் பெயர் நீளம். இரண்டும் அழகாக வந்தன. நான் என் பெயரை வெட்டி எடுத்துக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டி வைத்தேன். சின்னது முன்னாலும் பெரியது பின்னாலும் போனால் பிழை வெளியே வராது என்பது உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஊரடங்குக்கு முன்னால் துண்டுகள் வேண்டும் என்று வட்டவிதானையார் முற்றத்தில் நின்று அவசரப்படுத்தினார். நடுவில் கரண்ட் போய் வந்தது. கரண்ட் போனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். நீ புரோகிராமைப் பதிந்து வைத்த கசற்றைப் போட்டுத் திரும்ப ஏற்றி, விட்ட இடத்திலிருந்து அடித்தாய். சுருளைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் கொடுத்தோம். முதலில் அடித்த மற்ற வாய்க்காலின் சில துண்டுகளை நீ வாசித்துப் பார்த்தாய்; அவற்றிலும் சின்னதுக்குப் பின் பெரியதுதான் வந்ததோ என்னவோ, சரியாக இருந்தன. மிச்சத்தைப் பார்க்க நேரமிருக்கவில்லை.

நம் வாய்க்காலில் முதல் மூன்று வயல் யாருடையவை என்று உனக்குத் தெரியும். மேலே கனகலிங்கம் அண்ணை, யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றத் திட்டம் தொடங்கிய காலத்தில் வந்தவர். அடுத்தது ராமையா. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு, உடுத்த உடுப்போடு செட்டிகுளம் வந்து, அங்கே கூலி வேலை செய்து, பிறகு இங்கே குத்தகைக்கு வயல் எடுத்தவர். மூன்றாவது வேலு, ராமையாவின் மனைவி பார்வதியின் தம்பி. கனகலிங்கம் அண்ணைக்கும் ராமையாவுக்கும் தண்ணீரால் நெடுகலும் வாய்த்தர்க்கம். "உன்ர வயலுக்குத் தாகம் தீராதோடா?" என்று அவர் கேட்பார். "மேல இருக்கிறவருக்குத் தீந்தாத்தானே ஐயா கீழ இருக்கிறவனுக்குத் தீரும்" என்று இவர் சொல்வார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பார்வதி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தா. சேலையில் முழங்கால்வரை சேறு.

"டீச்சரம்மா, அவர புடிச்சிட்டுப் போய்ட்டாங்க. பேப்பர்ல ஒரு பேரு, கார்டுல ஒரு பேருன்னு சொல்றாங்களாம். நீ யாருன்னு கேட்டுக் கேட்டு..."

பின்னால் கனகலிங்கம் அண்ணை சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் வாய்க்கால் கட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "என்ர துண்டு சரி ரீச்சர், என்னை விட்டிட்டாங்கள். இவன்ரையில வேற என்னவோ கிடக்காம். அந்த வெள்ளிக் கடதாசியைப் பாத்தோடன அவங்களுக்குச் சந்தேகம். ரண்டு பேரில திரியிறவன் எண்டு ஏத்திக்கொண்டு போறாங்கள்."

ராமையாவுக்கு அந்த அடையாள அட்டை கிடைத்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. பிரஜாவுரிமைக்காக எத்தனை கந்தோரில் எத்தனை வாங்கில் காத்திருந்து பெற்ற அட்டை. அதைப் பொலித்தீன் பையில் போட்டு, பையைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். இந்த நாட்டில் தான் இன்னார் என்று சொல்ல அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைப் பொய்யாக்கியது நம் வீட்டிலிருந்து போன ஒரு துண்டு.

நீ உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டாய். கனகலிங்கத்தை அடித்தாய், அடுத்து ராமையாவை அடித்தாய். துண்டை வெட்டாமலே என் பக்கம் திருப்பிக் காட்டினாய். ராமையாயிங்கம். அப்படி ஒரு மனிதர் உலகத்தில் இல்லை.

"பூச்சியத்தைப் பிரதி பண்ணேல்லை அம்மா" என்றாய். "பூச்சியம் வந்தோடன நிக்கச் சொன்னனான். பூச்சியத்தையும் கொண்டுபோய் வைச்சிட்டு நில் எண்டு சொல்லேல்லை."

நான் விளங்கவில்லை என்றேன். நீ மேசையில் சோக்கட்டியால் கட்டம் கீறிக் காட்டினாய். ஆங்கில எழுத்தில் கனகலிங்கம் பன்னிரண்டு கட்டம், ராமையா ஏழு கட்டம். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த வாங்கில் ஏழு புதுப் பிள்ளைகள் வந்து முதல் ஏழு பேரை எழுப்பிவிட்டு இருக்கிறார்கள். கடைசி ஐந்து பேரை யாரும் எழுப்பவில்லை. அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறவர் வாங்கின் முடிவுவரைக்கும் கூப்பிடுகிறார். கனகலிங்கத்தின் வால் ராமையாவுக்கு ஒட்டியது அப்படித்தான். கேட்டுக்கொண்டு நின்ற கனகலிங்கம் அண்ணை, அந்தப் பதற்றத்திலும், "அப்ப என்ர வாலை வெட்டி அவனுக்கு ஒட்டிப்போட்டாய்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"நான் போறன் அம்மா. நான்தான் சொல்லவேணும்" என்றாய். சட்டையும் போட்டுவிட்டாய். நான் படலைக்குக் குறுக்கே நின்றேன். "நீ போனால் நான் ரண்டு பேரைத் தேடவேண்டி வரும்" என்றேன். அந்தக் காலத்தில் முகாம் வாசலுக்குப் பத்தொன்பது வயதுப் பெடியன், அதுவும் மின்சாரப் பெட்டிகளில் கைதேர்ந்த ஒருவன், தானாகப் போய் நிற்பது எப்படியிருக்கும் என்று உனக்கும் தெரியும். பெண்களும் வயது போனவர்களும்தான் அங்கே போவார்கள். ஆகவே நான் போனேன், பார்வதி வந்தா, கனகலிங்கம் அண்ணை வந்தார். உன்னைக் கனகலிங்கம் அண்ணையின் மனைவியின் காவலில் விட்டுவிட்டுப் போனோம். அவ உனக்குத் தோசை சுட்டுத் தந்தாவாம், நீ தொடவில்லையாம்.

புறப்படும்போது நீ என் பின்னால் ஓடிவந்து சொன்னது இந்தக் கடிதத்தின் நடு. "அம்மா, ராமையா அண்ணைக்கு அடுத்தது வேலு. வேலுவின்ர துண்டைப் பாக்காமலே சொல்லலாம். வேலு நாலு எழுத்து. மிச்சம் எல்லாம் முந்தினதிலயிருந்து வரும். ராமையாவின்ர ஐயாவும், கனகலிங்கம் அண்ணையின்ர இங்கமும். வேலுஐயாயிங்கம் எண்டுதான் இருக்கும்." பார்வதி தன் வெற்றிலைப் பையைத் தொட்டுப் பார்த்தா. தம்பியின் துண்டையும் அவதான் வாங்கி வைத்திருந்தா. எட்டாக மடித்தபடி பாக்கோடு இருந்தது. அவவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. வேறு எவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. எடுத்துப் பார்ப்போமா என்று கனகலிங்கம் அண்ணை கேட்டார். வேண்டாம் என்றேன். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். என் முகம் அப்படி ஆகக்கூடாது.

அப்போது நீ இன்னொன்றும் சொன்னாய், குரலைத் தாழ்த்தி. "ஆனால் அம்மா, கரண்ட் போனது அந்த வாய்க்காலை அடிக்கேக்கதான். வேலுவுக்கு முந்தியோ பிந்தியோ எண்டு ஞாபகமில்லை. முந்திப் போயிருந்தால் வாங்கு வெறுமையாயிருக்கும். வெறும் வேலு எண்டுதான் விழுந்திருக்கும்."

அதைச் சுமந்துகொண்டுதான் நான் நடந்தேன்.

வாசலில் பார்வதியையும் கனகலிங்கம் அண்ணையையும் நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அதிகாரி இளம் வயதுக்காரர், உன்னைவிட ஆறேழு வயதுதான் கூட இருப்பார். மேசையில் ராமையாவின் அட்டையும் வெள்ளித் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ராமையாவைக் காணவில்லை. நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம்.

"இந்தப் பெயரில் உங்கள் ஊரில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் இந்தத் துண்டு யாருடையது?"

"ராமையாவுடையது. பெயருக்குப் பின்னால் இருப்பது வேறொருவருடையது."

"இதை அடித்தது யார்?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வழிநெடுகிலும் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு போனேன். "நான்தான்" என்றேன். "கொம்பியூட்டர் என்னுடையது. நான் கணக்கு ஆசிரியை. புரோகிராமை நான்தான் எழுதினேன். அதில் ஒரு பிழை விட்டுவிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது, கையில் ஒரு குடை, காலில் சேறு. என்ன பிழை என்று கேட்டார். நான் கைப்பையில் எப்போதும் சோக்கட்டி வைத்திருப்பேன் என்று நீ பகிடி பண்ணுவாயே, அது அன்று உதவியது. அவருடைய மேசைக்குக் கடும் பச்சைப் பெயின்ட். கேட்காமலே கட்டம் கீறத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற சிப்பாய் ஒரு அடி முன்னால் வந்தான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். பன்னிரண்டு கட்டம், கனகலிங்கம். அவர் வாசலில் நிற்கிறார், அவருடைய அட்டையையும் பார்க்கலாம் என்றேன். விரலால் ஏழு கட்டத்தை அழித்து ராமையாவை எழுதினேன். மிச்ச ஐந்தையும் தொடவில்லை. வாங்குக் கதையைச் சொன்னேன். பூச்சியத்தைச் சொன்னேன். அரை மணித்தியாலத்துக்கு முன் நீ எனக்குப் படிப்பித்த பாடத்தை, பல வருடம் படிப்பித்தவள் போலப் படிப்பித்தேன். என் உத்தியோகத்தில் அதைவிடக் கவனமாக நான் ஒரு பாடமும் எடுத்ததில்லை.

அவர் துண்டை எடுத்து மேசையோடு ஒப்பிட்டார். "நல்ல கதை" என்றார். "துண்டைப் பார்த்துவிட்டு யாரும் இப்படி ஒரு கதை செய்யலாம்."

"உண்மை" என்றேன். "ஆகவே நான் பார்க்காத துண்டைப் பற்றிச் சொல்கிறேன். அடுத்த வயல்காரர் வேலு. அவருடைய துண்டு வாசலில் நிற்கும் பெண்ணின் வெற்றிலைப் பைக்குள் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதுகிறேன். பிறகு நீங்கள் அதை எடுத்துவரச் சொல்லுங்கள்."

முதல் நான்கு கட்டத்தை அழித்து வேலு என்று எழுதினேன். சோக்கட்டியைக் கீழே வைத்தேன். சிப்பாய் வாசலுக்குப் போனான். அந்த நேரத்தில் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அந்த விசிறியைப் பார்த்து, நேற்றுப் பின்னேரம் கரண்ட் எந்த இடத்தில் நின்றது, வேலுவுக்கு முந்தியா பிந்தியா என்று மனதுக்குள் கேட்டேன். வெறும் வேலு என்று இருந்தால் என் பாடம் பொய், நான் பொய், ராமையாவும் பொய். அவரை எங்கே ஏற்றிக்கொண்டு போவார்களோ, பார்வதிக்கு நான் என்ன சொல்வேனோ.

துண்டு வந்தது. ஒரு ஓரத்தில் வெற்றிலைச் சாறு பட்டிருந்தது. அதிகாரி மடிப்பு மடிப்பாகப் பிரித்து, மேசையில் நான் எழுதியதற்குக் கீழே வைத்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. துண்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். வேலுஐயாயிங்கம். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கேட்காமலே கதிரையில் இருந்தேன்.

"பூச்சியத்தைப் பிரதி பண்ண மறந்துவிட்டீர்கள் ரீச்சர்" என்றார் அவர். முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் குரல் மாறியிருந்தது.

"ஓம், மறந்துவிட்டேன். இன்றைக்கே திருத்திவிடுகிறேன்" என்றேன்.

அந்தப் பெட்டியை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். உன்மேல் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். அவர் ஒருநாளும் வரவில்லை.

ராமையாவைக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது, வேறு காயமில்லை. அட்டையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகத் துணியில் சுற்றினார். பார்வதி அவரைத் தொடவில்லை, அழவில்லை. பக்கத்தில் நடந்தா, அவ்வளவுதான். பாதித் தூரத்தில் அவர் வயல் பக்கம் திரும்பினார். "தண்ணி முறை போயிருச்சேங்க. கதிர் வெளிய வர்ற நேரம்."

"போகேல்லை" என்றார் கனகலிங்கம் அண்ணை. "உன்ர பக்கத்தைத் திறந்து விட்டிட்டுத்தான் வந்தனான். இப்ப வயல் நிறைஞ்சிருக்கும். அதைவிடு, என்ர வாலை எப்ப திருப்பித் தரப்போறாய்?"

ராமையா வீங்கிய உதட்டோடு சிரித்தார். "அதுக்கும் குத்தகை குடுக்கணுமாங்க ஐயா?"

அன்று அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் நான் குடையை விரித்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அன்று பின்னேரம் ஊரே வந்து உனக்கு ஆறுதல் சொன்னது. உன் பிழையில்லைத் தம்பி, மிசின் பிழை, கரண்ட் பிழை, ஆமியின் பிழை என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு மனிதரை அடிக்க எழும்பிய கைக்குப் பொறுப்பு அந்தக் கைக்காரனுடையது. அதை உன் தலையில் போடாதே. ஆனால் பூச்சியம் உன்னுடையது, மகன். முகாமில் அது என் பிழை என்று சொன்னேன், அது அந்த மேசைக்காக. நம் வீட்டு மேசையில் அது உன் பிழைதான். அது உன் பிழை என்பதில்தான் ராமையாவின் விடுதலையும் இருந்தது. மிசின் எப்படியோ ஏதோ செய்துவிட்டது என்று நீ சொல்லியிருந்தால் என் கையில் என்ன இருந்திருக்கும்? கெஞ்சுவதற்குக் கண்ணீர்தான் இருந்திருக்கும். நீயோ உன் பிழையைக் கடைசி எழுத்துவரை அறிந்திருந்தாய். பார்க்காத துண்டில் அது என்ன செய்திருக்கும் என்றும் அறிந்திருந்தாய். அந்த அறிவைத்தான் நான் கைப்பையில் கொண்டுபோனேன். பிழை விடாத ஆளைத் தேடினால் அந்தக் கந்தோருக்கு ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். விட்ட பிழையை ஒளிக்காமல் உட்கார்ந்து கட்டம் கீறிப் பார்க்கிற ஆள் வேண்டும். அதற்கு உன்னைவிடத் தோதான பிள்ளையை எனக்குத் தெரியாது. தாய் என்பதால் சொல்லவில்லை. நிறையப் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவள் என்பதால் சொல்கிறேன்.

பெட்டியைப் பூட்டுமுன் நீ அன்றே பூச்சியத்தைச் சேர்த்துவிட்டாய், புரோகிராமில் ஒரே ஒரு படி. ஆனால் இனிப் பெயர்களைத் தொடமாட்டேன் என்றாய். அடுத்த முறைத் தண்ணீருக்கு வட்டவிதானையார் பழையபடி கையால் எழுதத் தொடங்கினார். அப்போது ஒரு காலை ராமையா தான் வாங்கிய துண்டோடு வந்தார், ஞாபகமிருக்கிறதா? நான் குசினி வாசலில் நின்றேன். வட்டவிதானையார் எழுதியதை உனக்குக் காட்டினார். அதில், ஊர் இளக்காரமாகச் சொல்வதுபோலவே, தோட்டக்காட்டு ராமையா என்று இருந்தது. இரண்டு ராமையா இருந்தால்தானே அடையாளம் வேண்டும். திட்டத்தில் இருந்ததோ ஒரே ராமையா.

"தம்பி, எனக்கு மிசின்லயே அடிச்சுக் குடுங்க" என்றார். "அதுல அடிச்சா கனகலிங்கம் ஐயா பேரும் எம்பேரும் ஒரே மாதிரி எழுத்துல வரும்."

நீ என்னைப் பார்த்தாய். நான் பூட்டியிருந்த அலுமாரியின் திறப்பைத் தந்தேன். நீ முதலில் வேண்டுமென்றே கனகலிங்கத்தை அடித்தாய், பிறகு ராமையாவை அடித்தாய். வெட்டிக் கொடுத்த துண்டை அவர் சுவரோரம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். துணியைப் பிரித்து அட்டையை எடுத்தார். அட்டையில் ஒரு எழுத்து, துண்டில் ஒரு எழுத்து என்று விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனார். கடைசி எழுத்துக்குப் பிறகும் விரலை எடுக்கவில்லை. அடுத்திருந்த வெறும் வெள்ளியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குப் பொறகு ஒன்னும் இல்லீங்களே தம்பி?"

"இல்லை அண்ணை. அதோட முடியுது."

அவர் துண்டை மடித்து அட்டையோடு சேர்த்துச் சுற்றினார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை அந்தக் கதிரையில் போய் இரு, மகன். சோதிக்கும்போது பெரிய பெயரை முதலில் போட்டு, சின்னப் பெயரைப் பிறகு போட்டுப் பார். எள்ளுருண்டையைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொடு. நான் சுகம். இந்தப் பக்கம் மழை பெய்திருக்கிறது, குளம் நிறைந்துகொண்டு வருகிறது, ஆகவே இந்தப் போகத்துக்கு யாருக்கும் துண்டு தேவைப்படாது.

அம்மா